எஃப்-எட்டு அண்ணாத்தயும் என் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களும்

கேளம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை, செத்துப்போன கம்ப்யூட்டரை எழுப்பத் தெரிந்தவர்கள் மொத்தம் இரண்டே பேர்தான். ஒருவர் எஃப்-எட்டு. இன்னொருவர், டீ குடித்துவிட்டு வந்த எஃப்-எட்டு. முதலாமவரால் முடியாததை இரண்டாமவர் முடித்துவிடுவார். மூன்றாவதாக ஓர் ஆள் இருப்பதாக யாராவது சொன்னால், அந்த ஆள் கம்ப்யூட்டரை எழுப்புகிறவர் இல்லை, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறவர் என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களோடு எஃப்-எட்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ கூடக் குடிக்க மாட்டார்.

நான் சொல்வது ஏதோ ராஜா காலத்துக் கதை இல்லை. எட்டுப் பத்து வருஷம்தான் ஆகிறது. நாவலூர்ப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களில் புது மெஷின்களாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே கழித்துக் கட்டிய பெட்டிகள் எங்களைப் போன்ற பள்ளிக்கூடங்களுக்கு நன்கொடை என்ற பெயரில் வந்து சேர்ந்தன. நான் திருப்போரூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அன்றும் அங்கேதான், இன்றும் அங்கேதான். அன்றைக்கு என் லேபில் பன்னிரண்டு மெஷின்கள். பன்னிரண்டிலும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி. பன்னிரண்டுக்கும் பன்னிரண்டு விதமான குணம். ஒன்று திங்கட்கிழமை திறக்காது. ஒன்றின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு அறை விட்டால்தான் திறக்கும். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும் என்பதால், அந்த மெஷினுக்கும் எனக்கும் மட்டும் ஒத்துப்போயிற்று.

எஃப்-எட்டின் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. திருப்போரூர் மார்க்கெட் பக்கம் ஒரு டிபன் கடையை ஒட்டி அவர் கடை. அகலம் ஒரு பீரோ அளவு இருக்கும். போர்டில் "இங்கு கம்ப்யூட்டர் எழுப்பப்படும்" என்று மட்டும் எழுதியிருக்கும். கீழே சின்ன எழுத்தில், "ஃபார்மட் கேட்பவர்கள் எதிர்க் கடைக்குச் செல்லவும்." எதிரே இருப்பது கோழிக்கறிக் கடை.

ஒருமுறை ஓர் இளைஞர் விஷயம் தெரியாமல் உள்ளே போய், "அண்ணா, ரொம்ப ஸ்லோவா இருக்கு, ஃபார்மட் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டார். எஃப்-எட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வூட்ல மூட்டப்பூச்சி வந்தா வூட்டையே கொளுத்துவியா நைனா?"

"இல்லண்ணா, வேற ஒருத்தர் அப்படித்தான் சொன்னாரு..."

"அவன் சொல்லுவான். அவன் வூடா அது?"

அந்தப் பெயர் அவருக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. பழைய மெஷினில் பொத்தானைத் தட்டியதும் முதலில் கறுப்புத் திரையில் ஏதேதோ எழுத்துகள் ஓடும், பிறகு கம்பெனி முத்திரை வரும். அந்த எழுத்துக்கும் முத்திரைக்கும் நடுவில் ஒரு நொடி இடைவெளி இருக்கும். சரியாக அந்த நொடியில், கீபோர்டின் மேல் வரிசையில் இருக்கும் எஃப்-எட்டு என்ற கட்டையை அமுக்க வேண்டும். அமுக்கினால் ஒரு பட்டியல் வரும். வழக்கம்போலத் திறக்கட்டுமா, தேவையில்லாததையெல்லாம் விட்டுவிட்டு அரை வயிற்றுச் சாப்பாடு மாதிரி சேஃப் மோடில் திறக்கட்டுமா, கடைசியாக எப்போது நன்றாக இருந்தேனோ அந்த நிலைக்குத் திரும்பட்டுமா என்று மெஷினே கேட்கும். முந்தி அமுக்கினால் பீப் என்று கத்தும். பிந்தி அமுக்கினால் முத்திரை வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. நானெல்லாம் பத்து தடவை அமுக்கி ஒரு தடவை பிடிப்பேன். அவர் ஒரு தடவை கூடத் தவறவிட்டதில்லை.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் அறையில் ஃபேனை நிறுத்தச் சொல்வார். மெஷின் விழித்ததும் ஒரே ஒரு பீப் சத்தம் போடும், அது காதில் சுத்தமாக விழ வேண்டும். சித்திரை மாத வெயிலில் எல்லோரும் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்போம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கேபினெட்டில் காதை வைத்து, மோதிர விரலை மட்டும் தூக்கி வைத்திருப்பார். பீப். உடனே தட், தட், தட் என்று மூன்று தட்டு. பட்டியல் வந்து நிற்கும். கண்ணைத் திறந்து பார்க்கக்கூட மாட்டார்.

"வந்துகிச்சா?" என்பார்.

"வந்துடுச்சுண்ணா."

"ஃபேன போடு. இன்னா புழுக்கம்!"

அடுத்தவர் கீபோர்டைத் தொட மாட்டார். அவருக்கென்று ஒரு கீபோர்டு உண்டு, உருண்டை முனை வைத்த பழைய ரகம். "இந்தப் பட்ட முன கீபோர்டு எல்லாம் லேட்டா எந்திரிக்கும்மா. மெஷின் முழிச்சி, பல்லு வெளக்கி, நாஸ்தா துன்னப்புறம்தான் அது கண்ணத் தொறக்கும். அப்ப எஃப்-எட்ட அமுக்கி இன்னா பிரயோஜனம்?" என்பார். கல்யாணத் தாம்பூலப் பை ஒன்றில் அதைச் சொருகி, முக்கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஊர் முழுக்கச் சுற்றுவார். அதில் எல்லா எழுத்தும் பளிச்சென்று இருக்கும். எஃப்-எட்டு கட்டை மட்டும் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. ஷேர் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த மீன்காரம்மா, "இன்னாபா, கச்சேரிக்கா போற? ஒரு பாட்டு வாசி" என்றாராம். இவர் மறுக்கவில்லை. மூன்று தட்டுத் தட்டிக் காட்டியிருக்கிறார்.

இது வரைக்கும் சாதாரணம். எந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தாலும் அவர் முதலில் இரண்டு கேள்வி கேட்பார், அதுதான் அவருடைய அசல் பைத்தியம்.

"கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?"

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சுண்ணா."

"அப்பால இன்னா பண்ணீங்கோ?"

இந்த இரண்டாவது கேள்விக்கு உலகத்தில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். ஒண்ணும் பண்ணல. அதைக் கேட்டதும் எஃப்-எட்டுக்கு ரத்தம் கொதித்துவிடும். "ஒண்ணும் பண்ணலன்றவன்தான் அல்லாத்தையும் பண்ணிகிறான்! மெஷின் இன்னா, தானா போயி கெணத்துல வுழுந்துச்சா? நல்லா ரோசன பண்ணிச் சொல்லு" என்று எழுந்து நின்றுவிடுவார். நிஜத்தைச் சொல்லும் வரை கீபோர்டைப் பையிலிருந்து எடுக்க மாட்டார். செய்யூரில் சவுக்குக் கட்டை லாரி எடை போடும் இடத்தில், மேனேஜர் உண்மையைச் சொல்ல ஒன்றரை மணி நேரம் பிடித்ததாம். லாரிகள் வரிசையில் நின்றுகொண்டே இருந்தன. கடைசியில் மேனேஜர், எடை போடும் கம்ப்யூட்டரில் சீட்டாடியதை எல்லா டிரைவர்கள் முன்னாலும் ஒப்புக்கொண்டார்.

இந்தக் கேள்வியை மெஷினோடு விட்டாரா என்றால், அதுதான் இல்லை. டிபன் கடை டீ ஒருநாள் சரியில்லை. மற்றவர்களாக இருந்தால் முகத்தைச் சுளித்துவிட்டுக் குடித்திருப்பார்கள்.

"மாஸ்டர், டீ கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?"

"வெள்ளிக்கெழம."

"அப்பால இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல அண்ணாத்த."

அன்று டிபன் கடையே ஸ்தம்பித்தது. கால் மணி நேரம் விசாரணை. தூள் அதேதான். பால் அதேதான். கடைசியில் மாஸ்டர், வடிகட்டும் துணியை மாற்றியதை ஒப்புக்கொண்டார். புதுத் துணி, கஞ்சி போகவில்லை. பழைய துணியைத் தேடி எடுத்துத் துவைத்துப் போட்டதும் டீ பழையபடி மணத்தது. மார்க்கெட்டே கை தட்டியது.

எங்கள் பள்ளி இங்கிலீஷ் டீச்சர் வீட்டுக் கதையை அவரே ஸ்டாஃப் ரூமில் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தார். அவர் கணவருக்கு நாவலூரில் வேலை. கேளம்பாக்கத்தில் ஃப்ளாட். கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்று எஃப்-எட்டைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் போன நேரம், புருஷனும் பெண்டாட்டியும் கச்சை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கீபோர்டைச் சொருகிக்கொண்டே இவர் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார்.

"நீங்க ரெண்டு பேரும் கடைசியா எப்ப நல்லா இருந்தீங்கோ?"

இரண்டு பேரும் கோபத்தை மறந்து யோசித்தார்களாம். "தீபாவளி வரைக்கும் நல்லாத்தான் இருந்தோம்" என்றார் டீச்சர்.

"அப்பால வூட்ல புதுசா இன்னா வந்துச்சு?"

இரண்டு பேர் கண்ணும் ஒரே நேரத்தில் ஹால் சோபாவுக்குப் போயிற்று. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்து, மூன்று மாதமாக அதில் படுத்திருந்த கணவரின் நண்பர், கையில் தட்டோடு நிமிர்ந்து பார்த்தார்.

"புதுசா வந்தத எடுத்துட்டு ஒரு தபா ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ" என்றாராம் எஃப்-எட்டு. அந்த வார இறுதியிலேயே நண்பர் மேன்ஷனுக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அதை யார் பார்த்தா" என்றார் டீச்சர்.

தன் உடம்புக்கும் அதே வைத்தியம்தான். வயிறு சரியில்லையென்றால் டாக்டரிடம் போக மாட்டார். சேஃப் மோடுக்குப் போய்விடுவார். முதல் நாள் வெறும் கஞ்சி. மறுநாள் கஞ்சியோடு உப்பு. அதற்கு மறுநாள் ரசம். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்து, ஒன்பதாவது நாள் மசால் வடையில் வந்து மாட்டுவார். "புட்சேன் பாத்தியா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சந்தோஷப்படுவார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் ஒருநாள் வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

விஷயம் இதுதான். அதற்கு முந்தைய வருஷம் பிளஸ் டூ பிராக்டிகல் தேர்வில் பாதியில் இரண்டு மெஷின் நின்றுபோய்விட்டன. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். எங்கள் கரெஸ்பாண்டன்ட் சார், பள்ளியின் நிர்வாகி, என்னைக் கூப்பிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் பயமே.

"டீச்சர், அடுத்த வருஷம் ஒரே ஒரு மெஷின் நின்னாலும், கம்ப்யூட்டர் குரூப்பை எடுத்துடப் போறேன். காமர்ஸ் போதும் நமக்கு. அப்புறம் நீங்களும் வேற இடம் பாத்துக்க வேண்டியதுதான்."

எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். அந்த லேப்தான் எனக்கு எல்லாம். அடுத்த வருஷம் பிராக்டிகல் நெருங்க நெருங்க எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. முதல் நாள் மாலை பன்னிரண்டும் நன்றாகத் திறந்தன. எனக்கு நம்பிக்கை வரவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? கம்ப்யூட்டர் அறிவியலில் பட்டம் வாங்கியவள், வீட்டிலிருந்து சந்தன டப்பாவும் குங்குமமும் பன்னீரும் எடுத்துவந்து, லேப் கதவைச் சாத்திக்கொண்டு, பன்னிரண்டு மெஷினுக்கும் பொட்டு வைத்தேன். மானிட்டர் நெற்றியில் ஒன்று. கேபினெட்டில் ஒன்று. கீபோர்டுக்கு நெற்றி எது என்று ஒரு நிமிஷம் குழம்பி, மேல் வரிசைக் கட்டைகளில் வரிசையாகத் தாராளமாக வைத்தேன். எப்போதும் மக்கர் பண்ணும் ஏழாம் நம்பருக்குக் கூடுதலாக ஒரு மரியாதை. ஏதோ ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் சரஸ்வதி படம் இருந்தது, மெஷின் சும்மா இருந்தால் திரையில் தானாகத் தோன்றி வீணை வாசிக்கும். அதையும் ஏற்றி, ஒரு தடவை மெஷினை அணைத்துத் திறந்து, வீணையைக் கேட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் சுவரில் இருந்த போர்டு கண்ணில் பட்டது. கரெஸ்பாண்டன்ட் சார் எழுதி மாட்டியது. "செருப்பு கூடாது. தின்பண்டம் கூடாது. பூஜை கூடாது." ஒரு ஆயுத பூஜையில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைந்து, குங்குமத் தண்ணீர் ஜெராக்ஸ் மெஷினுக்குள் போனதிலிருந்து அந்தச் சட்டம். டஸ்டரைத் தண்ணீரில் நனைத்து, பன்னிரண்டிலும் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். ஒரு பொட்டு கூட மிச்சமில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு மெயினைப் போட்டேன். மூன்று மெஷின்கள் திறந்தன. மற்ற ஒன்பதும் ஒப்பாரி வைத்தன. மூன்று விடாமல் பீப் பீப் என்று கத்தின. இரண்டு தாமாகவே நீலத் திரைக்குப் போய், எந்த வட்டிலிருந்து கிளம்பட்டும் என்று கேட்டன. மூன்று, யாரும் எஃப்-எட்டை அமுக்காமலே கறுப்புத் திரையில் பட்டியலைக் காட்டிக்கொண்டு நின்றன. ஏழாம் நம்பர் முத்திரை வரை வந்து, இருண்டு, மறுபடி முத்திரை வரை வந்து, மறுபடி இருண்டது. வெளியே வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். தேர்வாளர் பத்து மணிக்கு வருவார். போனை எடுத்தேன்.

"எதையும் தொடாதமா. கையக் கட்டிக்கினு நில்லு. வந்துகினே கீறேன்."

எட்டேகாலுக்கு வந்துவிட்டார். இட்லியை அப்படியே விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார். அதே நேரத்தில் கரெஸ்பாண்டன்ட் சாரும் கதவருகே வந்து நின்றார். எஃப்-எட்டு பையை மேஜை மேல் வைத்தார். எனக்குத் தெரியும் என்ன கேட்கப் போகிறார் என்று.

"கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?"

"நேத்து சாயங்காலம்."

"அப்பால இன்னா பண்ணீங்கோ?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை பூஜையை நான் ஒரு காரணமாக நினைக்கவே இல்லை. சாமி கும்பிட்டதெல்லாம் ஒரு "பண்ணினது" கணக்கில் சேருமா என்ன? ஆனால் வாயைத் திறந்தபோது தெரிந்துவிட்டது. சந்தனத்தைக் கரைத்துக் கட்டைகளின் இடுக்கில் இறக்கிய ஈரத்துணி ஞாபகம் வந்தது. பக்கத்தில் வெள்ளைச் சட்டை நின்றது.

"ஒண்ணும் பண்ணலண்ணா" என்றேன்.

அவர் எழுந்து நிற்கவில்லை. கத்தவும் இல்லை. ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். தன் கீபோர்டை எடுத்து முதல் மெஷினில் சொருகினார். ஒழுங்காகத் திறந்தது. இரண்டாவதில் சொருகினார். அதுவும் திறந்தது. "மெஷினுக்கு ஒண்ணியும் இல்ல" என்றவர், எங்கள் கீபோர்டு ஒன்றைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். முகர்ந்தார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் திருட்டு முழி முழித்தேன்.

"கெமிஸ்ட்ரி லேப்புல ஸ்பிரிட்டு கீதாமா? பஞ்சு? ஒரு ஸ்பூனு?"

அடுத்த ஒரு மணி நேரம் என் லேப் கல்யாண வீட்டுச் சமையல்கட்டு போல ஆயிற்று. அவர் ஸ்பூன் காம்பால் கட்டைகளை நெம்பி எடுக்க, நான் ஸ்பிரிட்டில் துடைக்க, அவர் திரும்பப் பொருத்த, ஒவ்வொன்றாக நடந்தது. காய வைக்க ஆள் போதவில்லை.

"சார், சொம்மா நிக்காதீங்கோ. இத்த ஃபேனுக்கு நேராப் புட்சிக்கினு நில்லுங்கோ."

கரெஸ்பாண்டன்ட் சார் ஆயுளில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் கீபோர்டு ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. இன்னொன்றையும் வாங்கி, கைக்கு ஒன்றாகத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஃபேனுக்கு அடியில் நின்றார். வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்த பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பயமே போய்விட்டது.

ஒன்பதரைக்கு அந்த ஒன்பதில் எட்டு மெஷின்கள் திறந்துவிட்டன. ஏழாம் நம்பர் மட்டும் முத்திரை, இருட்டு, முத்திரை, இருட்டு.

"ஃபேன நிறுத்துங்கோ."

"இன்னும் காயலையே" என்றார் கரெஸ்பாண்டன்ட் சார், இரண்டு கையும் மேலே.

"ரெண்டு நிமிஷம் சார்."

கண்ணை மூடினார். பீப். தட், தட், தட். பட்டியல் வந்தது. கடைசியாக நன்றாக இருந்த நிலைக்குப் போகச் சொன்னார். போயிற்று. மறுபடி முத்திரை, இருட்டு. நான்தான் அணைத்துத் திறந்து வீணை கேட்டேனே, அதையே தன் கடைசி நல்ல காலம் என்று மெஷின் நினைத்துக்கொண்டிருந்தது. மறுபடி எஃப்-எட்டு. இந்தத் தடவை சேஃப் மோடு. திரை பெரிய பெரிய எழுத்துகளோடு திறந்தது. அதில் ஏறியிருப்பதையெல்லாம் தேதி வாரியாக வரிசைப்படுத்தினார். எல்லாவற்றுக்கும் மேலே நின்றது: சரஸ்வதி. நேற்று. மாலை நாலு நாற்பது.

கரெஸ்பாண்டன்ட் சார் கீபோர்டுகளோடு குனிந்து பார்த்தார்.

"என்ன இது? நேத்து நாலு நாற்பதுக்கு லேப்ல யார் இருந்தது?"

லேப் சாவி யாரிடம் இருக்கும் என்பது பள்ளிக்கூடத்துக்கே தெரியும். குரூப் போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன். வெளியே நிற்கும் பிள்ளைகளுக்குப் பிறகு அடுத்த செட் இந்த அறைக்குள் வரப்போவதில்லை.

எஃப்-எட்டு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"டீச்சரம்மா ஒண்ணும் பண்ணல சார்."

என் காதை நான் நம்பவில்லை. அந்த வார்த்தையை அடுத்தவர் சொன்னாலே எழுந்து நிற்கிறவர்!

"அப்போ இந்தத் தேதி?"

"தானமா வந்த பொட்டி சார் இது. உள்ள பேட்டரி டல்லடிக்குது. நேத்துன்னு காட்டும், நாளிக்கின்னும் காட்டும். அத்த நம்பி யாரு மேலயும் பழி போடக் கூடாது."

"கீபோர்டெல்லாம் ஒரே நேரத்துல எப்படிப் போச்சு?"

"கடக் காத்து சார். உப்பு. உங்க கார் கதவப் பாருங்கோ, துரு தின்னுகினு கீது. கீபோர்டு எந்த மூலைக்கு?"

கடலோரத்தில் குடியிருப்பவனிடம் உப்புக் காற்றைக் குற்றம் சொன்னால் மறுபேச்சே கிடையாது. கரெஸ்பாண்டன்ட் சார் தன் காரை நினைத்துப் பெருமூச்சு விட்டார். அந்த இடைவெளியில் எஃப்-எட்டு சரஸ்வதியையும், அவளோடு ஒட்டிக்கொண்டு வந்து, ஒரு ராத்திரி பதுங்கியிருந்துவிட்டுக் காலையில் வேலையைக் காட்டிய ஏதோ ஒரு டிரைவர் புரோகிராமையும் மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டு மெஷினை அணைத்துத் திறந்தார். ஏழாம் நம்பர் முத்திரையைத் தாண்டி உள்ளே வந்தது. மணி ஒன்பது ஐம்பது.

பன்னிரண்டு மெஷினும் மாலை வரை ஒரு நொடி நிற்கவில்லை. தேர்வாளர் போகும்போது, "லேபை நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். கரெஸ்பாண்டன்ட் சார் என் பக்கம் திரும்பி, "குரூப் இருக்கட்டும் டீச்சர்" என்றார். எனக்கு அது போதும்.

கேட்டருகே ஓடினேன். அன்று முழுக்க வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, அப்போதுதான் மொபெட்டில் பையை மாட்டிக்கொண்டிருந்தார். 

"அண்ணா, நான்தான் சந்தனம்..."

"தெரியும்மா. நல்ல சந்தனம். மூணு ரூமுக்கு வாசன அடிக்குது."

"எனக்காக எதுக்குண்ணா பொய் சொன்னீங்க?"

"அந்தாளு மெஷினப் பத்தியா கேட்டாரு? உன்னியப் பத்திக் கேட்டாரு. பயந்துகினு சாமி கும்பிட்டதுக்கெல்லாம் ரிப்போர்ட்டு குடுக்க முடியாதுமா." மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். "ஆனா என்னாண்ட நெசத்த சொல்லிருக்கணும். அது மட்டும் தப்பு."

அடுத்த வருஷம் பிராக்டிகலுக்கு முதல் நாள், மாலை நாலு மணிக்கு, யாரும் கூப்பிடாமல் லேப் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு முழம் கதம்பம். "இந்தா, கதவுல கட்டு. உள்ள போறதுக்கு சாமிக்கு வழி தெரியும்" என்றார். நான் பூவைக் கட்டினேன். அவர் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் பூட்டுப் போட்டுச் சாவியைப் பையில் வைக்கும் வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு வருஷம் கூட விட்டதில்லை.

இப்போது லேபில் எல்லாம் புது மெஷின்கள். பொத்தானைத் தட்டினால் கண் இமைப்பதற்குள் திறந்துவிடுகின்றன. எஃப்-எட்டை அமுக்க அதில் நேரமும் இல்லை, தேவையும் இல்லை. அவருக்கும் அது தெரியும். இந்த வருஷம் பிராக்டிகலுக்கு முதல் நாள் மாலை நாலு மணி ஆயிற்று, வரவில்லை. நாலரை ஆயிற்று. பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். பன்னிரண்டையும் மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன், எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு ஐம்பதுக்கு ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பூவை வாழையிலையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"வண்டி பஞ்சருமா. நாளிக்கு உனுக்குப் பரீட்சையாச்சேன்னு அத்த அப்டியே வுட்டுட்டு ஓடியாறேன்."

எனக்குக் கூடப் பிறந்த அண்ணன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் என் பிராக்டிகல் தேதி தெரியாது.